பல்கலைக்கழகத்துக்குள் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுப் புலம்: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களை மனதில் வைத்து எழுதியது. வேதியியல், தாவரவியல், பொருளியல், சட்டம், சமூகவியல் என்று பல துறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சுற்றுச்சூழல் புலம் ஒன்றைத் தொடங்கச் சொல்லி, துணைவேந்தர் உங்கள் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.

பெரும்பாலானவர்கள் கட்டடத்திலிருந்தோ பாடத்திட்டத்திலிருந்தோ தொடங்குகிறார்கள். இரண்டுமே பின்னால் வர வேண்டியவை. ஆசிரியர் எடுக்கும் பாடவேளை எந்தத் துறையின் கணக்கில் ஏறுகிறது, மாணவர் கட்டும் கட்டணம் எந்தக் கணக்கில் சேர்கிறது, அவர் வாங்கும் பட்டம் எந்த வேலைக்குச் செல்லும் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் புலம் நிற்கும். இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாமல் திறப்பு விழா நடத்தினால், சீக்கிரமே அது இன்னொரு சாதாரணத் துறையாகிவிடும். வாசலில் இருக்கும் போர்டு மட்டும் 'பல்துறை' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

உங்கள் பல்கலைக்கழகச் சட்டமும் அதன் கீழ் இயற்றிய விதிகளும் முழுப் பிரதியாக வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு, கடைசித் திருத்தம் வரை சேர்த்து வாங்குங்கள். இணையதளத்தில் கிடப்பது பல இடங்களில் பழைய பிரதி.

அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் பட்டியல், ஒவ்வொரு துறையின் பணிப்பளு அறிக்கை, ஆய்வகக் கருவிகளின் இருப்புப் பதிவேடு ஆகிய மூன்றும் அடுத்து. இவை இல்லாமல் நடக்கும் கூட்டங்களில் எல்லோரும் நல்லெண்ணத்தோடு பேசிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பொறுப்பேற்கும் பேராசிரியருக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்தாறு ஆண்டுகளாவது இருக்க வேண்டும். ஓய்வுக்கு ஒன்றரை ஆண்டு இருப்பவரிடம் கொடுத்தால், ஃபைல் சிண்டிகேட்டை (பல்கலைக்கழக ஆட்சிக்குழுவை) தாண்டுவதற்குள் அவருக்குப் பிரிவுபசார விழா வந்துவிடும். அப்புறம் வருபவர் முதலிலிருந்து தொடங்குவார்.

2. எந்தக் கேள்விக்காக இந்தப் புலம் என்று முடிவு செய்யுங்கள்

'சுற்றுச்சூழல்' என்பது எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும் சொல். எல்லாத் துறைத் தலைவர்களையும் திருப்திப்படுத்த, பருவநிலை மாற்றம் முதல் மண்புழு உரம் வரை நோக்க அறிக்கையில் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் எந்த ஆசிரியரை எடுப்பது, எந்தக் கருவியை வாங்குவது என்று பின்னால் முடிவெடுக்கவே முடியாது.

பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஒரு பெரிய கேள்வியை எடுங்கள். வேலூர்ப் பக்கம் என்றால் பாலாறும் தோல் பதனிடும் தொழிலும். திருநெல்வேலி என்றால் தாமிரபரணி. தூத்துக்குடி, இராமநாதபுரம் என்றால் மன்னார் வளைகுடா. சென்னை என்றால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. மலையை ஆராய மாணவர்கள் தொலைதூரம் பயணம் போக வேண்டியதில்லை.

நல்ல கேள்வி எது என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு துறை மட்டும் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்லிவிட முடியுமா? முடியும் என்றால் அது அந்தத் துறையின் ஆய்வுத் திட்டம். அதற்குத் தனியாகப் புலம் தேவையில்லை.

3. ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுங்கள்

துறைத் தலைவர்களிடம் கடிதம் போட்டுக் கேட்காதீர்கள். 'எங்கள் துறையில் எல்லோரும் சுற்றுச்சூழல் ஆய்வுதான் செய்கிறார்கள்' என்று பதில் வரும். ஆசிரியர்களை ஒவ்வொருவராகப் பாருங்கள். கடைசியாக வெளியிட்ட கட்டுரைகள், வழிநடத்தும் ஆய்வு மாணவர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள்.

பொருளியல், வரலாறு, தமிழ் போன்ற துறைகளைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். அறிவியல் துறைகள் முதலில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு 'சுற்றுச்சூழல் விழுமியங்கள்' என்று ஒற்றைத் தாள் மட்டுமே மிஞ்சும். ஏரிப் பாசனக் கல்வெட்டுகளைப் படிக்கத் தெரிந்த வரலாற்றாசிரியர் ஒருவர், நீர்வளம் பற்றிய ஆய்வில் வேதியியலாளருக்குச் சமமாக உட்கார வேண்டியவர்.

4. துறையா, மையமா, புலமா?

மையம் தொடங்குவது எளிது. சிண்டிகேட் தீர்மானம் ஒன்றே பெரும்பாலும் போதும். ஆனால் மையத்துக்குச் சொந்தமாகப் பணியிடம் இருக்காது. திட்ட நிதி தீர்ந்தால் விளக்கு அணைந்துவிடும். துறை என்றால் பணியிடம் உண்டு, ஆனால் சுற்றிலும் மதில் எழும்பும். புலம் என்பது பல துறைகளுக்கு மேலே அல்லது நடுவே நிற்கும் அமைப்பு. அதற்குப் பாடத்திட்டக் குழு, நிதித்தலைப்பு (வரவு செலவில் தனிக் கணக்கு), இயக்குநர் என்று எல்லாம் தனியாக வேண்டும்.

என் கருத்து, நேராகப் புலமாகவே கேட்க வேண்டும். 'முதலில் மையமாகத் தொடங்குவோம், பிறகு உயர்த்திக்கொள்ளலாம்' என்று சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்தப் 'பிறகு' வருவது அபூர்வம். வேறு வழியே இல்லாமல் மையமாகத் தொடங்க நேர்ந்தால், எத்தனை ஆண்டுக்குள், எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் புலமாகும் என்பதை முதல் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

சட்டவிதியில் திருத்தம் தேவையா, சிண்டிகேட் இயற்றும் ஒழுங்குமுறையே போதுமா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சட்டவிதித் திருத்தம் என்றால் செனட் (பேரவை), வேந்தர் ஒப்புதல் என்று பாதை நீளும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால்தான், எந்தக் கல்வியாண்டில் சேர்க்கை என்று பொறுப்போடு சொல்ல முடியும். சிண்டிகேட் கூட்டத்துக்கான அஜெண்டா முடிவதற்கு முன்பே நிதிக்குழுவின் குறிப்பு ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத உருப்படியை 'அடுத்த கூட்டத்துக்கு' என்று தள்ளிவிடுவார்கள்.

5. பாடவேளைக் கணக்கு: இங்கேதான் புலம் பிழைக்கும், அல்லது சாகும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். வேதியியல் இணைப் பேராசிரியர் ஒருவர் உங்கள் புலத்தில் வாரம் 4 மணி நேரம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேதியியல் துறைத் தலைவரின் கண்ணுக்கு அவர் 10 மணி நேரம் மட்டுமே வேலை செய்பவர். மிச்சம் 4 மணி நேரத்தை யார் எடுப்பது?

முதல் பருவத்தில் அந்த இணைப் பேராசிரியர் நட்புக்காக இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுப்பார். இரண்டாம் பருவத்தில் முனகல் வரும். மூன்றாம் பருவத்தில் 'துறையில் ஆள் இல்லை' என்று கடிதம் வரும். அதில் யார் மீதும் தப்பில்லை. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே சேர்க்கை விளம்பரத்துக்கு முன்பே சிண்டிகேட்டில் இப்படி ஒரு தீர்மானம் வாங்குங்கள்: 'புலத்தில் எடுக்கும் பாடவேளைகள் அந்த ஆசிரியரின் தாய்த்துறைப் பணிப்பளு அறிக்கையில் முழுமையாகச் சேர்க்கப்படும். அதனால் தாய்த்துறையில் ஏற்படும் குறைவை ஈடுசெய்யும் கௌரவ விரிவுரையாளருக்கான ஊதியம் புலத்தின் நிதித்தலைப்பில் வழங்கப்படும்.' இரண்டாவது வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் முதல் வாக்கியத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அடுத்து, ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் நின்றால் எப்படிக் கணக்கிடுவது? பாதிப் பாதி என்று வைத்தால் யாரும் சேர்ந்து எடுக்க முன்வர மாட்டார்கள். ஏனென்றால் சேர்ந்து எடுக்கும் வகுப்புக்குத் தயாரிப்பு வேலை கூடுதல். மணி நேரம் மட்டும் பாதி. இருவருக்கும் முழு நேரம் என்று வைத்து, அந்தச் சலுகை பருவத்துக்கு இரண்டு தாள்களுக்கு மட்டும் என்று வரம்பு போடுங்கள். வரம்பு இருந்தால் நிதி அலுவலர் ஒப்புக்கொள்வார். இல்லாவிட்டால் தணிக்கையில் ஆட்சேபணை வரும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

பதவி உயர்வுக் கோப்பில் யார் கையெழுத்துப் போடுவது என்பதையும் இதே தீர்மானத்தில் சேருங்கள். புலத்துக்காக உழைத்த இளம் ஆசிரியரின் படிவத்தைத் தாய்த்துறைத் தலைவர் மட்டுமே பார்த்தால், அந்த உழைப்பு அங்கே 'இதர பணிகள்' என்ற கட்டத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். புல இயக்குநரின் சான்றும் கட்டாயம் இணைக்கப்பட வேண்டும் என்று எழுதுங்கள்.

6. பட்டத்தின் பெயர்

விளம்பரத்துக்கு அழகாக இருக்கும் பெயரை வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி குறிப்பிடப்பட்ட பட்டப் பெயர்களை மட்டுமே பல்கலைக்கழகம் வழங்க முடியும். எம்.ஏ., எம்.எஸ்சி. என்ற சட்டகத்துக்குள் நின்றுகொண்டு, அடைப்புக்குறிக்குள் வரும் பாடப்பெயரில்தான் உங்கள் சுதந்திரம்.

அந்தச் சுதந்திரமும் ஆபத்தானது. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கும் அரசுத் தேர்வுகளுக்கும் விண்ணப்பிக்கும்போது, 'இந்தப் பட்டம் எதற்கு இணையானது?' என்று கேட்பார்கள். இன்ன பட்டத்துக்கு இணை என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இல்லாவிட்டால் மாணவர் சான்றிதழ் சரிபார்ப்பு அறையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வருவார். அந்த மாணவரின் தந்தை உங்களுக்கு போன் செய்வார். உங்களிடம் பதில் இருக்காது.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் நேரத்தில் செய்ய வேண்டும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாக, 89-ஆம் எண்ணில் இருக்கிறது. பட்டப் பெயரை அதற்கு நெருக்கமாக வைத்து, பாடத்திட்டம் ஒப்புதலான கையோடு, முதல் அணி படித்துக்கொண்டிருக்கும்போதே இணைத்தன்மைக்கு விண்ணப்பியுங்கள். மாணவர்கள் வெளியேறிய பிறகு விண்ணப்பித்தால் இடைப்பட்ட காலத்தில் மாட்டிக்கொள்பவர்கள் அவர்கள்தான்.

சமூக அறிவியல் பக்கம் சாய்ந்த புலமாக இருந்தால், ஒரே பாடத்திட்டத்தின் இரு கிளைகளாக எம்.எஸ்சி.யும் எம்.ஏ.வும் வழங்கலாம். வேலை அதிகம்தான். ஆனால் பி.ஏ. பொருளியல் முடித்து வருபவருக்கு எம்.எஸ்சி. கொடுத்து, பிறகு 'அடிப்படைப் பட்டம் அறிவியல் இல்லையே' என்று அவரை எங்கோ நிராகரிக்க விடுவதைவிட இது மேல்.

7. பணியிடங்களும் விளம்பர வாசகமும்

புலத்துக்குக் கடன் வாங்கிய ஆசிரியர்கள் மட்டும் போதாது. மூன்று நான்கு பேராவது புலத்துக்கே சொந்தமாக வேண்டும். இல்லாவிட்டால் மாலை ஐந்து மணிக்கு மாணவர் வந்து கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது.

உதவிப் பேராசிரியர் பணிக்கு யு.ஜி.சி. விதிமுறை கேட்பது, 'சம்பந்தப்பட்ட, தொடர்புடைய அல்லது அதை ஒட்டிய' பாடத்தில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டம். எந்தப் பாடங்கள் 'ஒட்டியவை' என்று விளம்பரத்திலேயே பெயர் பெயராக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், சூழலியல் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவரை, முதுகலை பொருளியலில் என்ற ஒரே காரணத்துக்காகப் பரிசீலனைக் குழு நீக்கிவிடும். குழு தன் கையில் இருக்கும் காகிதத்தின்படி சரியாகவே நடந்திருக்கும்.

இன சுழற்சிக் கணக்கை முன்கூட்டியே முடியுங்கள். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு, எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று வரிசைப்படுத்தும் 200 புள்ளிச் சுழற்சிப் பட்டியல் நடைமுறையில் உள்ளது. புதிய புலத்தின் பணியிடங்கள் தனி அலகா, பழைய துறையிலிருந்து மாற்றிய பணியிடமென்றால் சுழற்சி எந்தப் புள்ளியிலிருந்து தொடர்கிறது என்பதற்குப் பதிவாளர் அலுவலகத்தின் பதில் எழுத்தில் வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பி நேர்காணல் நடத்தினால் வழக்கு வரும். வழக்கு வந்தால் நியமனம் நிற்கும். நியமனம் நின்றால் புலமும் நிற்கும்.

வனத்துறையிலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ நீண்ட காலம் இருந்தவர்களை அழைக்க யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்த 'பிராக்டிஸ் பேராசிரியர்' முறை உதவும். மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; ஒருவர் அதிகபட்சம் நான்கு ஆண்டுதான் இருக்கலாம். இவர்களை நிரந்தர ஆசிரியருக்கு மாற்றாக நினைக்காதீர்கள். மாசு கலந்த நீரின் மாதிரியை எந்தக் குழாயில் எடுத்தால் ஆலைக்காரர் முகம் மாறும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதற்காக அழையுங்கள்.

8. பாடத்திட்டம்: தாள்களை அடுக்காமல் ஒரு வழக்கைச் சுற்றிக் கட்டுங்கள்

வழக்கமாக நடப்பது இது. ஒவ்வொரு துறையும் தன் பழைய பாடத்திட்டத்திலிருந்து ஒரு தாளைக் கழற்றி, முன்னால் 'சுற்றுச்சூழல்' என்று சேர்த்துக் கொடுக்கும். சுற்றுச்சூழல் வேதியியல், சுற்றுச்சூழல் நுண்ணுயிரியல், சுற்றுச்சூழல் பொருளியல், சுற்றுச்சூழல் சட்டம். மாணவர் ஐந்து அறைகளில் ஐந்து பாடம் படிப்பார். அவற்றை இணைக்கும் வேலையை ஆசிரியர்கள் யாரும் செய்யாமல் மாணவர் தலையில் விட்டுவிடுவார்கள்.

முதல் பருவத்திலேயே எல்லோரும் சேர்ந்து எடுக்கும் ஒரு மையத் தாளை வையுங்கள். பாலாற்றை எடுத்துக்கொள்வோம். குரோமியம் உப்பில் பதனிடும்போது கழிவுநீரில் வருவது முக்கியமாக மூன்று இணைதிறன் குரோமியம். ஆறு இணைதிறன் குரோமியம் அதைவிடப் பல மடங்கு நச்சு. இந்த வேறுபாட்டை வேதியியலாளர் சொல்லித்தருகிறார். நிலத்தடி நீரைக் கெடுப்பதில் குரோமியத்தோடு, தோலைப் பதப்படுத்தப் போடும் சாதாரண உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வழக்கமான முறைகள் கரைந்த உப்பைப் பிரிப்பதில்லை என்பதை அங்கேயே கூட்டிப்போய்க் காட்டலாம்.

அடுத்த வாரம் சட்ட ஆசிரியர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாட்டையும் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதைத் தொடர்ந்து இழப்பீட்டை நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைந்தது. கெட்டுப்போன கிணற்றுக்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? இங்கே பொருளியலாளர் வருகிறார். இழப்பீடு நிலத்துக்கு, நிலமில்லாத விவசாயக் கூலிக்கு என்ன கிடைத்தது என்று சமூகவியலாளர் கேட்கிறார். ஒரே கிணற்றைச் சுற்றி நான்கு பேரும் நிற்கிறார்கள்.

இந்தத் தாள் நடக்கும் அறையில், அன்று பாடம் எடுக்காத மற்ற ஆசிரியர்களில் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். மாணவர் கேட்கும் கேள்வி பாதியில் சட்டத்திலிருந்து வேதியியலுக்குத் தாவும். 'அதை அந்த சாரிடம் கேளுங்கள்' என்ற பதில் இரண்டு முறை வந்தால், மாணவர்கள் அப்புறம் அப்படிக் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

கால அட்டவணையை இப்போதே போட்டுப் பாருங்கள். வேதியியல் செய்முறை பெரும்பாலும் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை; வெளியிலிருந்து வரும் சட்ட ஆசிரியருக்குச் சனிக்கிழமைதான் வசதி. பொதுவான இரண்டு மணி நேரம் வாரத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினால், முழு வேலை நாட்களில் ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். அப்போது ஒரு நாள் காலையை எல்லாத் துறைகளும் காலியாக விட வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இந்த ஒப்பந்தம் இல்லாமல் மையத் தாள் காகிதத்தில் மட்டும்தான் ஓடும்.

இளங்கலையில் எல்லோரும் படிக்கும் கட்டாயச் சுற்றுச்சூழல் பாடத்தையும் புலத்தின் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து யு.ஜி.சி. வகுத்த பழைய பாடத்திட்டத்தில் இது 50 பாடவேளை. 2023 வழிகாட்டுதலில் குறைந்தது 4 கிரெடிட். இணைவுக் கல்லூரிகள் அத்தனைக்கும் நீங்களே எடுக்க முடியாது. பாடநூல், வினாத்தாள், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

9. களவேலை: அனுமதி முதலில், பேருந்து பிறகு

சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ ஆய்வு என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். முந்தைய பருவத்திலேயே விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு விண்ணப்பித்துவிட்டு, வனச்சரகர் தடுக்கிறார் என்று கோபப்படுவதில் பயனில்லை.

மனிதர்களிடம் பேட்டி எடுப்பதற்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அறிவியல் துறையிலிருந்து வரும் ஆசிரியர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தோல் ஆலைத் தொழிலாளி ஆலையைப் பற்றி உங்கள் மாணவரிடம் சொன்னது வெளியே தெரிந்தால் அவருக்கு வேலை போகும்; அதனால்தான் இந்த ஒப்புதல்.

மாதிரி எடுப்பதில் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். உலோகம் அளக்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு, கார-அமிலத்தன்மையை (pH) 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று படித்திருப்பார்கள். அது மொத்த உலோகத்துக்குச் சரி. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கான பாட்டிலிலும் அதையே விட்டால், வழியிலேயே அது மூன்று இணைதிறனாக மாறிவிடும். ஆய்வகத்தில் 'நச்சு இல்லை' என்று முடிவு வரும். ஆகவே அந்தப் பாட்டிலுக்குத் தனி நிறத்தில் மூடி போடுங்கள். அதில் அமிலத்துக்குப் பதில் காரத்தன்மையுள்ள தாங்கல் கரைசல் விட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கிராமத்தில் ஐஸ் கிடைக்குமா என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

எந்தக் கிழமையில் போவது என்பதும் முக்கியம். இந்தியத் தர முறைப்படி உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜனை) 27 டிகிரி செல்சியஸில் 3 நாள் வைத்து அளக்கிறோம். வியாழனன்று மாதிரி எடுத்தால் ஞாயிறன்று ஆய்வகம் திறக்க ஆள் வேண்டும். செவ்வாய் அல்லது வெள்ளி போங்கள்.

10. ஆய்வகம்: பெரிய கருவியைத் தள்ளிப்போடுங்கள்

நிதி வந்ததும் கோடிக்கணக்கான ரூபாய்க்குக் கருவி வாங்கும் ஆசை வரும். உலோகங்களை நுட்பமாக அளக்கும் தூண்டிய பிளாஸ்மா நிறமாலைக் கருவி (ஐ.சி.பி.) போன்றவற்றுக்கு ஆர்கான் வாயு தொடர்ந்து வேண்டும், மின்சாரம் சீராக வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த நிரந்தர ஆள் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாமல், மேலே துணி போர்த்திக் கிடக்கும் கருவிகளைப் பல வளாகங்களில் பார்க்கலாம்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கையடக்க அளவிகள், நிறமானி, அடைகாப்பான், தராசு, புகைபோக்கி அறை ஆகியவை போதும். ஆறு இணைதிறன் குரோமியத்தை டைஃபீனைல் கார்பசைடு சேர்த்து 540 நானோமீட்டரில் நிறமானியிலேயே அளந்துவிடலாம். வரைபட வேலைக்குக் கட்டணமில்லாத கியூஜிஐஎஸ் மென்பொருள் இருக்கிறது. பெரிய அளவீடுகளுக்கு வெளி ஆய்வகத்துக்குக் கட்டணம் கட்டுவது கணக்குப் பார்த்தால் மலிவு.

டெண்டர் விதிகளுக்கு உட்பட்டுத்தான் வாங்க முடியும் என்பதால், ஜூலையில் வகுப்பு தொடங்க வேண்டுமென்றால் முந்தைய ஆண்டே விவரக்குறிப்பைத் தயாரியுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தையும் வேதிப்பொருள் செலவையும் ஆண்டுதோறும் வரும் நிதித்தலைப்பில் போடுங்கள். ஒருமுறை வரும் மானியத்தில் போட்டால், மூன்றாம் ஆண்டில் கருவி இருக்கும், அமிலம் இருக்காது.

11. வெளிப்பணம்

2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி நிறுவனங்கள் செலவிடும் சமூகப் பொறுப்பு நிதியில் சுற்றுச்சூழலுக்கும் இடமுண்டு. வாங்கலாம். ஆனால் நீங்கள் ஆராயும் ஆற்றில் கழிவு விடும் ஆலையிடமிருந்து வாங்குவதா என்பதைப் பணம் வருவதற்கு முன்பே புலக் குழுவில் பேசி, விதியாக எழுதிவிடுங்கள். காசோலை வந்த பிறகு அந்த விவாதம் நேர்மையாக நடக்காது.

ஒப்பந்தம் எதுவானாலும், முடிவுகளை வெளியிடும் உரிமை புலத்துக்கு உண்டு என்ற வரி இருக்க வேண்டும். 'முன் அனுமதியோடு' என்ற சொல்லை எதிர்த்தரப்பு சேர்க்கப் பார்க்கும், விடாதீர்கள்.

12. முனைவர் பட்ட ஆய்வு

சேர்க்கையோடு சேர்த்து முனைவர் பட்டத்தையும் தொடங்க அவசரப்பட வேண்டாம். யு.ஜி.சி.யின் 2022 முனைவர் பட்ட விதிமுறைப்படி நிரந்தர ஆசிரியர்களே வழிகாட்டியாக முடியும். பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 ஆய்வு மாணவர்கள் என்பது உச்சவரம்பு. கடன் வாங்கிய ஆசிரியர் உங்கள் புலத்தில் ஒருவரை எடுத்தால் தாய்த்துறையில் ஓர் இடம் குறையும். மீண்டும் அதே கணக்குச் சண்டைதான்.

பல்துறை ஆய்வில் வெளித்துறையிலிருந்து இணை வழிகாட்டியை வைக்க விதி இடம் தருகிறது. அதைப் புலத்தில் கட்டாயமாக்குங்கள். புறத்தேர்வாளர் பட்டியலும் கலந்திருக்க வேண்டும். நீரியலும் சட்டமும் கலந்த ஆய்வேட்டை நீரியல்காரர்களுக்கு மட்டும் அனுப்பினால், பாதி அத்தியாயங்களுக்கு எதிரே 'இது என் துறை அல்ல' என்று எழுதி வரும்.

13. முதல் அணி

எத்தனை இடம் என்பதை வகுப்பறையின் நாற்காலியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆய்வக மேசையில் எத்தனை பேர் நிற்கலாம், களப் பேருந்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று பாருங்கள். 20, 25 பேர் தாங்கும்.

'எந்தப் பட்டதாரியும் சேரலாம்' என்று வைத்தால், பி.ஏ. வரலாறும் பி.எஸ்சி. வேதியியலும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். அது நல்லதுதான், ஆனால் முதல் மூன்று வாரம் இணைப்புப் பயிற்சி வேண்டும். அறிவியல் மாணவர்களுக்கு ஓர் அரசாணையையும் ஒரு தீர்ப்பையும் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். கலை மாணவர்களுக்குச் செறிவு, அலகு, அடிப்படைப் புள்ளியியல். எல்லோருக்கும் சேர்த்து, நிலவரைபடத்தையும், நில உரிமை விவரம் உள்ள 'அ' பதிவேட்டையும் எப்படிப் பார்ப்பது என்று காட்டுங்கள். இந்தக் கடைசி வகுப்பில் வி.ஏ.ஓ. வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால், அவரே ஆசிரியராகிவிடுவார்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரை மறந்துவிடாதீர்கள். புறத்தேர்வு 75, அகமதிப்பீடு 25 என்பது போன்ற அச்சில்தான் அங்கே பெரும்பாலும் மென்பொருள் ஓடும். களஅறிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடும் தாள் அதில் ஏறாது. பாடத்திட்டக் குழுவில் ஒப்புதல் வாங்கும்போதே இந்தத் தாளுக்கான மதிப்பீட்டு முறையையும் தாள் குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முதல் பருவ மதிப்பெண் பட்டியலில் அந்த வரி காலியாக வரும். மாணவர்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்பார்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில் பணிப்பளு அறிக்கைகளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். சேர்ந்து எடுப்பதாக எழுதிய தாள்களில் ஒருவர் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்தத் தாளை அடுத்த பருவம் நிறுத்தி வையுங்கள். இரண்டாவது ஆசிரியருக்கான கௌரவ விரிவுரையாளர் ஊதியம் உண்மையிலேயே தாய்த்துறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நிதிப் பிரிவில் கேளுங்கள். போகவில்லை என்றால், அந்தத் துறைத் தலைவரைச் சமாதானம் செய்யப் போகும் முன் நிதி அலுவலரைப் பாருங்கள்.